புளி போட்டுத் தேய்த்த காசு

என் கணவர் முப்பத்திரண்டு வருடம் ஒரு செப்புக்காசை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். கடைசியில் ஒருவருக்குக் காட்டலாம் என்று அவர் மனசு இறங்கி வந்த வாரத்தில் நான் அதைக் கெடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் செய்தது நான். கொஞ்ச காலம் அந்தத் தப்பு அவர் பேரில் இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவர் பாரூர்ப் பக்கம். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேரில் வயலில் கால் தங்காதவர் இவர் ஒருவர்தான். ஐடிஐ படித்துவிட்டு ஓசூர் வந்து தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கருவிகள் செய்கிற டூல் ரூமில் சேர்ந்தார். நான் ஜவளகிரி. ராகியும் அவரையும் போட்டு, விளைந்ததில் பாதியை யானைக்குக் கொடுத்த வீடு. வீட்டில் பேசியது கன்னடம், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். கல்யாணம் முடிந்து மூக்கண்டப்பள்ளியில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபது வயசு. அந்த வீட்டில் எனக்கு முன்னாடியே குடி வந்திருந்தது ஓர் இரும்பு பீரோ. அதன் கீழ் அறையில் அவருடைய பழைய காசுகள் இருந்தன.

முதல் வருடம் எனக்குக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு காகித உறையாகப் பிரித்து வைப்பார். இது யானை, இது நாமம் போட்ட பணம், இது இன்ன ராஜா என்பார். எனக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. டூல் ரூமில் நாள் முழுக்க வாய் திறக்காத மனுசன், அந்த ஒரு மணி நேரம் பேசுவார். அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாவிடம் பேச்சுவாக்கில், எங்க வீட்டுக்காரரிடம் ராஜா காலத்துக் காசெல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா யாரிடமோ சொல்ல, அவர் வேறு யாரிடமோ சொல்ல, ஒரு நாள் பெங்களூரிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். தானும் காசு சேர்ப்பவன் என்றார். இவருக்குத் தன்னைப் போல இன்னொருவரைப் பார்த்ததில் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் விரித்துக் காட்டினார். நான் உள்ளே உப்பிட்டு கிண்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் நன்றாகச் சாப்பிட்டு, மெச்சிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து இவர் தன்னுடைய சின்னத் தராசில் ஒரு வெள்ளிக் காசை நிறுத்தபோது எடை ஒத்துவரவில்லை. அசலை எடுத்துக்கொண்டு அதே போல ஒரு போலியை வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த ஆள்.

இவர் கத்தவில்லை. இந்த ஆளுக்கு நம்ம வீட்டு விஷயம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். சரி என்றார். அன்றைக்கு பீரோவின் கீழ் அறைக்குப் போட்ட பூட்டின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் ஏறியது. செய்தித்தாள் விரிப்பதும் அன்றோடு நின்றது. என் மேல் கோபம் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்தைக் கையில் கொடுப்பார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார், என் அப்பா இறந்தபோது பத்து நாள் லீவு போட்டு ஜவளகிரியில் கூடவே இருந்தார். காசு விஷயத்தில் மட்டும் நான் வெளி ஆள் ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தங்குவதில்லை. காலையில் பஸ் ஏறிப் போவார், பொழுது சாயும்போது திரும்புவார். எங்கே என்றால், "சும்மா ஒரு இடத்துக்கு" என்பார். பெண் பிறந்து மூன்று வயசாகிற வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் என் மனசு கண்டதையும் நினைக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு அவர் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறியதைப் பார்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அவர் பின்னாடியே போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் ஒரு பழைய பாத்திரக்கடை. ஓட்டைக் குடம், நசுங்கிய அண்டா, பித்தளை, செம்பு எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு கோணியைப் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முகம் அப்படி இருந்தது. குழந்தை பிறந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தை அதற்கு முன்னால் பார்த்திருந்தேன். நான் அவர் கண்ணில் படாமல் திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அங்கே அவரோடு வேறொரு பெண் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்தச் செப்புக்காசு அந்தக் கடையில்தான், அந்த வருடத்தில்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது தெரிய வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

பெண் பள்ளிக்கூடம் போனதும் நானும் வேலைக்குப் போனேன். தளி ரோட்டில் ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு பண்ணையில், கிரேடிங் ஷெட்டில். பத்தொன்பது வருடம். பசுமைக் குடிலில் இருந்து வந்த பூவைக் காம்பு நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும், கீழ் இலையை உருவ வேண்டும், ஒரு இதழில் புள்ளி இருந்தாலும் அந்த இதழைக் கிள்ளிவிட வேண்டும். அழுக்கோடு ஒன்றும் வெளியே போகக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அது என் கையிலேயே ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம், ஜன்னல் கம்பி, சாமி விளக்கு எதுவும் மங்கலாக இருக்க விட மாட்டேன்.

அவர் ரிடையர் ஆன பிறகு போனில் ஒரு சிநேகிதம் ஏற்பட்டது. பெங்களூரில் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். இந்த எல்லைப் பக்கத்துச் சின்னச் சின்னப் பாளையக்காரர்கள் போட்ட காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த நம்பரில் இவர் கூப்பிட்டு, பழைய கன்னட எழுத்தில் இந்த வளைவு எப்படி வரும், அந்தக் கொம்பு எப்படிப் போடுவார்கள் என்று கேட்பார். பேராசிரியர் சொல்வார். ஏன் கேட்கிறீர்கள் என்றால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் சார் என்பார். இப்படியே சில வருடம் ஓடியது. அந்தப் போன் வரும் நாளில் இவர் இரண்டாவது காப்பி கேட்பார். வேறு எந்த மனிதரின் வார்த்தைக்கும் இவர் அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பார். இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையில் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று அவர் சொன்ன விதத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த அன்றைக்கு இவர் பேராசிரியரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது சார்," என்றார். "நீங்க வந்து பார்க்கணும்."

அப்புறம் காசை வர்ணித்தார். பிறகு பேராசிரியர் சத்தமாக ஏதோ கேட்பது போனுக்கு வெளியேயும் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று.

போனை வைத்துவிட்டு அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். கீழே குந்த முடியாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பூட்டைத் திறந்து, அடியில் இருந்த ஒரு உறையை எடுத்தார். என் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் அந்தக் காசை வைத்தார். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்து போனதற்கு அப்புறம், அவர் என் கையில் வைத்த முதல் காசு அது. கறுப்பும் பச்சையுமாக, காய்ந்து போன சாணித் துணுக்கு மாதிரி இருந்தது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இதுவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். ஒரு பக்கம் பன்றி, இன்னொரு பக்கம் இரண்டு வரி எழுத்து என்றார். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பென்சிலால் வரைந்து வைத்த படம் ஒன்று மட்டும்தான் இதற்கு இருக்கிறதாம். அந்தக் காசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாதாம். அப்படி ஒரு காசே கிடையாது, வரைந்தவர் கற்பனை என்று சொல்பவர்களும் உண்டாம். "இருக்குதுன்னு ஞாயித்துக்கிழமை அவர் பார்ப்பாரு," என்றார். என் கண்ணுக்குப் பன்றியும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படி மலர்ந்து இருக்கும்போது எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது சொல்லியிருந்தால், அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று அவர் விளக்கியிருப்பார்.

சனிக்கிழமை அவருக்குப் பெங்களூரில் ஒரு ஸ்கேன் இருந்தது. உடம்பில் இரும்பு, உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பெண் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறவள், அவளே கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். கிளம்பும்போது அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "பத்திரம்," என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா கொடுத்தார். அது எனக்கு எவ்வளவு பெரிசாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன். கார் போன பிறகும் அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், அதுவும் படித்த மனிதர். வீட்டை ஒட்டடை அடித்தேன். சோபா உறையைத் துவைத்தேன். விளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டு, புளி ஊற வைத்துக் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்தேன். தாம்பாளம் தங்கம் மாதிரி வந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஊரையே கூட்டிக் காட்டப் போகிற காசு இப்படி அழுக்குப் பிடித்துக் கிடக்கிறதே, கையில் தெம்பு இல்லாததால் அவர் விட்டிருப்பார் என்று நினைத்தேன். உறையைத் திறந்து அவர் அசந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சாவியை எடுத்துத் திறந்தேன். காசைப் புளித் தண்ணீரில் அரை மணி ஊறப் போட்டேன். பச்சை கரைந்து தண்ணீர் கலங்கியது. தேங்காய் நாரால் தேய்த்தேன். போதவில்லை. விளக்குத் தேய்க்கிற பொடியைத் தொட்டு, பழைய பிரஷ்ஷால் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் பொறுமையாகத் தேய்த்தேன். ரோஜா இதழில் புள்ளி எடுக்கிற அதே பொறுமை. உள்ளேயிருந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஒரு பக்கம் மேடாக ஏதோ தெரிந்தது, பன்றியின் முதுகு இதுதான் போல என்று சந்தோஷப்பட்டேன். இன்னொரு பக்கம் ஒன்றும் பெரிசாக இல்லை. பழைய காசு, தேய்ந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மெல்லிய துணியால் துடைத்து, உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

அவர் களைத்துப் போய் வந்தார். சாவியை வாங்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பீரோவைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, பையில் கேமரா, லென்ஸ், சின்ன எலெக்ட்ரானிக் தராசு. இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். அவர்கள் முன்அறையில் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் காப்பித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றேன். இவர் உறையைத் திறக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நின்றேன்.

இவர் உறையைக் கவிழ்த்தார். காசு மேஜை விரிப்பின் மேல் சிவப்பாக விழுந்தது. அவர் அதை முதலில் எடுக்கவில்லை. வேறு உறையை எடுத்துவிட்டோமோ என்பது போல உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். அப்புறம் காசை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பினார். பிறகு தலையைத் தூக்கி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

பேராசிரியர் காசை வாங்கி லென்ஸில் வைத்து வெகு நேரம் பார்த்தார். இதைக் கழுவியது யார் என்று கன்னடத்தில் கேட்டார். அந்தக் குரலில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

"நான்தாங்க சார்," என்றார் இவர். "எழுத்து தெளிவாத் தெரியட்டும்னு தேய்ச்சேன்."

பேராசிரியர் லென்ஸைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் படித்த நீங்களா இப்படிச் செய்வது என்றார். பூமிக்குள் கிடந்த செம்பு அரித்து அரித்துக் களிம்பாக மாறுகிறது. மேலே இருந்த எழுத்து அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கும், அடியில் இருக்கிற செம்பில் அல்ல. களிம்பை உரித்தால் எழுத்தும் அதோடு போய்விடும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இவர் கண்டிப்பு வாங்குகிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுத்து வைத்தீர்களா என்றார் பேராசிரியர். இல்லை என்று தலையாட்டினார். போட்டோ எடுத்தால் எங்காவது வெளியே போய்விடும் என்று பயந்து ஒரு படம்கூட எடுக்காமல் வைத்திருந்தார்.

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் சார் தேய்த்தேன், அவருக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கன்னடத்திலேயே சொல்லியிருக்கலாம், அது என் தாய்மொழி. நான் சொல்லவில்லை. காப்பி ஆறிவிட்டது என்று உள்ளே போய்விட்டேன். பேராசிரியர் பேருக்கு இரண்டு போட்டோ எடுத்து, எடை குறித்துக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

இவர் சாப்பிட்டார். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். கை கழுவி வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு நான் அவர் காலருகில் தரையில் உட்கார்ந்து, நான்தான் தேய்த்தேன் என்றேன்.

"தெரியும்," என்றார்.

"ஏன் நீங்கன்னு சொன்னீங்க?"

"என்னைப் பார்த்தாரு பாரு ஒரு பார்வை. அது உம்மேல விழ வேணாம்னு தோணுச்சு."

நான் அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "உனக்கு எப்படித் தெரியும். களிம்பைத் தொடக் கூடாதுன்னு நான் ஒரு நாளாவது உனக்குச் சொல்லியிருக்கேனா? முப்பத்தி ரெண்டு வருசம் பூட்டியே வச்சேன்."

பேராசிரியரிடம் நான் போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், விடு என்றார். அவர் வேண்டாம் என்றது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் ஏழு மாதம் இருந்தார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. என்னிடம் முன்னைவிட அன்பாகத்தான் இருந்தார். ஆனால் பேராசிரியரின் போன் இரண்டு தடவை வந்தபோது எடுக்கவில்லை. இரண்டாவது காப்பியும் கேட்பதில்லை. காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தார். அதில் ஒரு நாள், ஓசூரில் ஒரு பெரியவர் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்த அபூர்வக் காசைக் கடைசியில் பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்துவிட்டாராம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பேர் போடவில்லை. கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார். பெண் அதைத் தெரிந்துகொண்டு, அப்பா போய் இப்படிச் செய்வாரா என்று என்னிடம் வருத்தப்பட்டாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. பாரூரிலிருந்து அண்ணன் தம்பிகள் வந்து, அவரை அங்கேயே கொண்டுபோய், வாய்க்கால் ஓரத்தில் அவர்களுடைய நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டும்போது அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி சொந்தத்தில் ஒரு பெண் என்னிடம் நீட்டினாள். அதை வாங்க என் கை வரவில்லை. மகள்தான் வாங்கிக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பீரோவைத் திறந்தேன். உறைகளுக்கு அடியில் கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. டூல் ரூமில் சீவுகிற மாதிரி கூராகச் சீவிய பென்சிலால் வரைந்த படங்கள். எல்லாம் அந்த ஒரே காசு. பக்கம் பக்கமாக, தேதி போட்டு, பெரிசாக வரைந்திருந்தார். பன்றியின் பிடரி மயிரைக்கூட விடவில்லை. பின்பக்கத்து எழுத்தை ஒரு தடவை ஒரு மாதிரி படித்து, அடித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வேறு மாதிரி படித்திருக்கிறார். சில எழுத்துக்குப் பக்கத்தில், சார் சொன்னபடி இது இப்படித்தான் என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியும் முழுசாக இருந்தன. பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு எனக்குக் கன்னடம் படிக்க வரும், ஆனால் அந்த எழுத்து பழையது. தடுமாறித் தடுமாறிப் படித்தேன். ஒரு ஊர்ப் பேரும், யாரோ ஒரு பாளையக்காரர் பேரும் மாதிரி இருந்தது.

மறுநாளே அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடித்துப் பெங்களூர் போனேன். விலாசம் இவருடைய டைரியில் இருந்தது. பேராசிரியருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. இவர் இறந்தது தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்தக் கேள்வியெல்லாம் அவர் எங்கிட்ட கேட்டிருக்காரு. எதுக்குன்னு எனக்குத் தெரியவே இல்லை," என்றார்.

அப்புறம் நான் சொன்னேன். கன்னடத்தில், ஒன்று விடாமல், புளியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சனிக்கிழமை சாவியை நம்பிக் கொடுத்ததையும், ஞாயிற்றுக்கிழமை நான் சமையல்கட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டதையும் சொன்னேன். முடித்ததும் அவர், தான் ஒரு சிநேகிதரிடம் ஆதங்கத்தில் சொன்னதுதான் அந்தக் குழு வரைக்கும் போயிருக்க வேண்டும் என்றார். அன்றைக்குக் கடிந்து பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இரண்டு தடவை போன் செய்தாராம். இவர் எடுக்கவில்லை என்றதும் கோபம் என்று நினைத்து விட்டுவிட்டாராம். நேரில் ஒரு தடவை வந்திருக்கலாம், நாற்பது கிலோமீட்டர்தானே என்று சொல்லி அந்த மனிதர் அழுதார். நான் அவரை ஆறுதல்படுத்த வேண்டியதாயிற்று.

என் வீட்டுக்காரர் தேய்க்கவில்லை என்று புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்டேன். எழுதுகிறேன், வீட்டில் ஒருவர் சுத்தம் செய்ததாகப் போட்டுவிடலாம் என்றார்.

"மனைவின்னு போடுங்க சார்," என்றேன்.

அவர் தயங்கினார். நான் விடவில்லை. வரைந்த படம் சாட்சி ஆகாது, ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்க மாட்டார்கள், ஆனாலும் போட்டோவுக்குப் பக்கத்தில் அதையும் போடுகிறேன் என்றார். திரும்பி வந்து அன்றைக்கே மகளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அப்பா ஏன்மா நம்மகிட்ட எதுவுமே சொல்லலை என்று மட்டும் கேட்டாள். அவருக்காக நான் என்ன பதில் சொல்வது. எனக்கும் ஒரு ஞாயிறு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்றைக்கு எனக்கு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே. தேன்கனிக்கோட்டை வரைக்கும் போனவள், அந்தக் கடைக்குள் பத்து அடி நடந்து போயிருக்கலாம்.

புத்தகம் இந்த வருடம் கூரியரில் வந்தது. மத்தியான நேரம், குக்கர் வைத்திருந்தேன். கேட்டிலேயே நின்று பிரித்தேன். அந்தப் பக்கத்துக்குப் பேராசிரியர் ஒரு நூலைப் போட்டு வைத்திருந்தார். இடது பக்கம் நான் தேய்த்த காசு, எழுத்து ஒன்றும் இல்லாமல் வழுக்கையாக இருந்தது. வலது பக்கம் இவர் வரைந்தது. கீழே, உரிமையாளரின் மனைவியால் அறியாமல் சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வரி. அறியாமல் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அதைப் பேராசிரியரே சேர்த்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே, என்ன புத்தகம் அக்கா என்று கேட்டாள். எங்க வீட்டுக்காரரோட காசு இதில் வந்திருக்கிறது என்றேன். அவருக்கு அதெல்லாம் தெரியுமா, சொல்லவே இல்லையே என்றாள். உள்ளே வா, காட்டுகிறேன் என்று கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சோபாவில் உட்கார வைத்து, படத்தைக் காட்டி, இது பன்றி, இது அதன் பிடரி, இது எழுத்து என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரியைப் படிக்கும்போது அழுதுவிட்டேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.